பிளாக்செயின் கல்வி: திறந்த ஏட்டின் வரலாறு

சென்ற ஆண்டு புனே நகரில், இரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்ற தமிழ் நண்பர் ஒருவரின் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். சிற்றுண்டி முடிந்ததும் அவர் வழவழப்பான ஒரு விளம்பரத் தாளை எடுத்து நம் முன்னே வைத்தார். ஆறு மாதப் பயிற்சி. ‘பிளாக்செயின்’ நிரல் எழுதக் கற்றுத் தரப்படும். கட்டணம் ஒன்றரை இலட்சம் ரூபாய். பயில விரும்பியவள் அவருடைய மகள். வணிகவியலில் பட்டம் பெற்றவள்; கணக்கிலே கைதேர்ந்தவள்; கணிப்பொறித் துறைக்கு மாறவேண்டும் என்ற ஆவல் மிகுந்தவள். “பணம் கொடுக்க நான் தயங்கவில்லை. வைப்புநிதியில் ஒரு பகுதியை எடுத்தால் போயிற்று. ஆனால் வாங்கப்போகும் சரக்கு இன்னதென்றே தெரியாமல் விலை கொடுப்பதுதான் மனத்தை உறுத்துகிறது. நீங்கள் சொல்லுங்கள்” என்றார் நண்பர்.

ஒரு வாரம் தவணை கேட்டுக்கொண்டு திரும்பினோம். அந்த வாரத்தில் நாம் செய்தது பெரிய காரியம் ஒன்றுமில்லை. பிளாக்செயின் என்னும் இவ்வித்தை யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று அதன் வரலாற்றைத் தேடிப் படித்தோம். படிக்கப் படிக்க ஒரு செய்தி தெளிவாயிற்று. இவ்வித்தையை ஆக்கிய பெரும் கருத்துகள் யாவும் ஊரறிய வெளியிடப்பட்டவை. அவற்றுள் சிலவற்றை வெளியிடுவதற்கே ஒரு போராட்டம் வேண்டியிருந்தது. அந்தப் போராட்டத்தின் பயனாகக் கிடைத்த பொருளைத்தான் இன்று ஒரு வண்ணத்தாள் ஒன்றரை இலட்சத்துக்கு விலை கூறுகிறது. வெளி மாநிலங்களில் குடியேறி, மக்களின் படிப்பையே சொத்தாகக் கருதி வாழும் நம்மவர் வீடுகள் பலவற்றில் இப்படிப்பட்ட தாள்கள் மேசைமேல் கிடப்பதை அறிவோம். ஆகவே, நண்பருக்குச் சொன்னதைச் சற்று விரித்து இங்கே சொல்கிறோம்.

முதலில் பொருளைத் தெரிந்துகொள்வோம். நம் ஊர்க் கடைகளிலே கணக்குப்பிள்ளைமார் பேரேடு எழுதிய முறை பலருக்கும் நினைவிருக்கும். ஒரு பக்கம் நிரம்பியதும் அடியிலே கூட்டுத் தொகையை இட்டு, அதே தொகையை மறுபக்கத்தின் தலையிலே எழுதிக்கொண்டு தொடர்வார்கள். முன் பக்கத்தில் எவரேனும் ஓர் எண்ணைத் திருத்திவிட்டால், பின் பக்கத்தின் தலைத் தொகை அவரைக் காட்டிக் கொடுத்துவிடும். பிளாக்செயின் இந்த முறையின் முதிர்ச்சி என்றே கொள்ளலாம். ஏட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் கணிப்பொறி ஒரு முத்திரை எண்ணைக் கணக்கிடுகிறது. ‘ஹாஷ்’ என வழங்கும் இந்த எண்ணுக்கு வியப்பான ஓர் இயல்பு உண்டு. பக்கத்தில் ஒரு காற்புள்ளி மாறினாலும் முத்திரை அடையாளம் தெரியாதபடி மாறிவிடும்; முத்திரையை மட்டும் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பதை மீட்டெடுக்கவும் முடியாது. பெரிதும் வழங்கும் ‘ஷா-256’ என்னும் முறையில், ஒரு சொல்லைக் கொடுத்தாலும் ஒரு பெருநூலையே கொடுத்தாலும் கிடைப்பது 64 குறிகள் கொண்ட முத்திரைதான். ஒவ்வொரு பக்கமும் தனக்கு முந்திய பக்கத்தின் முத்திரையைத் தலையில் தாங்கி நிற்கிறது. நடுவே ஒரு பக்கத்தைத் திருத்தினால் அதற்குப் பின் வந்த பக்கங்கள் அத்தனையும் பொய்யாகிவிடும். அது மட்டுமன்று, இந்த ஏட்டின் படிகள் ஒருவரிடம் இல்லை, உலகெங்கும் பல்லாயிரம் கணிப்பொறிகளில் இருக்கின்றன. திருத்த நினைப்பவன் அவ்வளவு பேரையும் ஏமாற்ற வேண்டும்.

இத்துடன் கையொப்பம் ஒன்றும் வேண்டும். ‘என் கணக்கிலிருந்து இவருக்குக் கொடு’ என்று ஏட்டில் எழுதியவர் உரியவர்தாம் என்பதை, அவரை ஒருநாளும் பார்த்திராதவர்கள் எப்படி நம்புவது? இந்தக் கேள்விக்கு விடை கண்டவர்களின் கதையிலிருந்தே நம் வரலாறு தொடங்குகிறது.

1974ஆம் ஆண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில் ரால்ஃப் மெர்க்கிள் என்ற மாணவர் கணிப்பொறிப் பாதுகாப்பு பற்றிய வகுப்பொன்றில் சேர்ந்தார். ஆய்வுப் பயிற்சிக்கு ஒவ்வொரு மாணவரும் இரண்டு திட்டங்களை எழுதிக் கொடுக்க வேண்டும். மெர்க்கிள் எழுதிய முதல் திட்டம் விசித்திரமானது. முன்பின் சந்தித்திராத இருவர், பகைவனும் ஒட்டுக் கேட்கும் ஒரு கம்பி வழியே பேசி, அவன் காதுபடப் பேசியே, தமக்குள் மட்டும் ஓர் இரகசியத்தை உண்டாக்கிக்கொள்ள இயலும் என்றார் அவர். இரகசியச் சாவி முன்கூட்டியே கைமாறியிருந்தால்தான் இரகசியமாகப் பேச முடியும் என்பது அதுவரை எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்த நியதி. ஆசிரியருக்கு விளங்கவில்லை. முதல் திட்டத்தின் விளக்கம் குழம்பிக் கிடக்கிறது, இரண்டாவதே மேல் என்று ஓரத்தில் குறிப்பெழுதித் திருப்பிவிட்டார். மெர்க்கிள் அந்த வகுப்பையே விட்டு விலகித் தம் கருத்தைத் தாமே தொடர்ந்து வளர்த்தார். அதைக் கட்டுரையாக்கி ஒரு புகழ்பெற்ற ஆராய்ச்சி இதழுக்கு அனுப்பியபோது அங்கும் முதலில் மறுப்பே வந்தது. 1978இல்தான் அது அச்சாயிற்று.

ஏறத்தாழ அதே காலத்தில் விட்ஃபீல்ட் டிஃபி என்ற மற்றொருவர் வேறொரு வழியாக இதே இடத்துக்கு வந்துகொண்டிருந்தார். இவர் கதையை நம் இளைஞர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். டிஃபி ஆராய்ச்சிப் படிப்பை முடித்துப் பட்டம் வாங்கியவர் அல்லர். சங்கேதக் கலையைக் கற்கும் ஆசை அவரைப் பற்றிக்கொண்டது. ஆனால் அக்கலையைக் கற்பிக்கும் கல்லூரி அன்று காண்பதற்கரிது. அறிந்தவர்களோ இராணுவ இரகசியம் என்று வாய் திறவாதவர்கள். அவர் தம் வண்டியை எடுத்துக்கொண்டு நாட்டின் குறுக்கும் நெடுக்குமாகப் பயணம் செய்து, நூலகம் நூலகமாகவும் ஆள் ஆளாகவும் தேடினார். 1974இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக் கழகத்துப் பேராசிரியர் மார்ட்டின் ஹெல்மனைச் சென்று கண்டார். அரைமணி நேரம் என்று தொடங்கிய பேச்சு இரவு வரை நீண்டதாம். இருவரும் சேர்ந்து 1976 நவம்பரில் வெளியிட்ட கட்டுரை, வெளியிட்டுவிடக்கூடிய சாவி, வெளியிடக் கூடாத சாவி என்று ஒருவர்க்கே இரு சாவிகள் இருக்கலாம் என்ற கருத்தை உலகுக்கு வழங்கியது. இரகசியச் சாவியால் ஒப்பமிட்டால், பகிரங்கச் சாவியை வைத்திருக்கும் எவரும் அந்த ஒப்பம் உண்மையா என்று சோதித்துக்கொள்ளலாம். பிளாக்செயின் ஏட்டில் பணத்துக்கு உரியவர் இடும் கையொப்பம் இந்த வேரிலிருந்து கிளைத்ததுதான்.

இங்கேதான் சோதனை வந்தது. 1977 ஜூலையில், ஆராய்ச்சி இதழ்களை வெளியிடும் மின்பொறியாளர் சங்கத்துக்கு மேயர் என்பவர் ஒரு கடிதம் எழுதினார். சங்கேதக் கலை பற்றிய ஆய்வுகளை வெளியிடுவதும், வெளிநாட்டார் அமர்ந்திருக்கும் அவையில் பேசுவதும் ஆயுத ஏற்றுமதிச் சட்டத்தை மீறுவதாகலாம் என்பது கடிதத்தின் சாரம். எழுதியவர் தம் அலுவலகத்தைக் குறிப்பிடவில்லை. அமெரிக்க அரசின் ஒற்றறியும் துறையாகிய தேசியப் பாதுகாப்பு முகமையில் அவர் பணியாற்றுகிறார் என்பது பின்னர் வெளிப்பட்டது. அவர் தனிப்பட்ட முறையில் எழுதினார் என்று முகமை சொல்லிற்று. பீரங்கியும் வெடிமருந்தும் கடத்துகிறவனுக்கு உரிய சட்டம், கரும்பலகையில் சூத்திரம் எழுதுகிறவன் மேல் பாயக்கூடும் என்ற நிலை உண்டாயிற்று.

அவ்வாண்டு அக்டோபரில் இத்தாக்கா நகரில், கார்னெல் பல்கலைக் கழகத்தில் ஓர் ஆய்வு மாநாடு. அங்கே ஹெல்மனின் மாணவர்களான மெர்க்கிளும் ஸ்டீவ் போலிக்கும் கட்டுரை படிப்பதாக இருந்தது. பல்கலைக் கழகத்தின் வழக்கறிஞர் ஹெல்மனை அழைத்து, வழக்கு வந்தால் பேராசிரியரைக் காப்பாற்றப் பல்கலைக் கழகம் நிற்கும், மாணவர்களுக்கு அவ்வளவு உறுதி சொல்ல முடியாது என்று எச்சரித்தார். மாணவர்கள் முதலில் அஞ்சவில்லை, பெற்றோர் அஞ்சினர். முடிவில் ஹெல்மனே மேடையேறி இரு கட்டுரைகளையும் வாசித்தார். மாணவர் இருவரும் வாய் திறவாமல் அவர் அருகே நின்றனர். எவருடைய ஆராய்ச்சி இது என்பதை அவையோர் கண்ணால் கண்டுகொண்டனர். வழக்கு எதுவும் வரவில்லை. அதன்பின் அக்கதவை எவராலும் முழுவதும் சாத்த முடியவில்லை.

கதவு சாத்தியே இருந்த நாட்டில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் அரசின் இரகசியத் தொடர்புத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் எல்லிஸ் 1970ஆம் ஆண்டிலேயே, டிஃபிக்கும் ஹெல்மனுக்கும் ஆறாண்டு முன்பாகவே, இதே கருத்தைக் கண்டிருந்தார். அவருடைய சகாக்களான கிளிஃபர்டு காக்ஸ் 1973இலும், மால்கம் வில்லியம்சன் 1974இலும் அதை நடைமுறைக்கு ஏற்ற கணக்காக்கினர். மூவரும் அரசின் ஆணைக்குக் கட்டுப்பட்டு வாய்மூடி இருந்தார்கள். உலகமெல்லாம் பிறருக்குப் புகழ்மாலை சூட்டுவதைப் பார்த்துக்கொண்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தார்கள். 1997 டிசம்பரில் அரசு உண்மையை வெளியிட இசைந்தபோது எல்லிஸ் இல்லை. சில வாரங்களுக்கு முன் நவம்பரில் காலமாகிவிட்டார். அறிவில் அவர் யாருக்கும் குறைந்தவர் அல்லர். ஆனால் அலமாரியில் பூட்டிக் கிடந்த அவருடைய தாளிலிருந்து வெளியுலகில் ஒரு மாணவன்கூட ஒரு வரி கற்கவில்லை. அறிவைப் பூட்டி வைத்தால் யாருக்கு நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு நிகழ்ச்சியே போதும் என்று நமக்குத் தோன்றுகிறது.

அடுத்த கூறு 1991இல் வந்தது. நியூ ஜெர்ஸியில் தொலைபேசி ஆராய்ச்சிக் கூடமொன்றில் இருந்த ஸ்டூவர்ட் ஹேபரும் ஸ்காட் ஸ்டார்னெட்டாவும், கணிப்பொறியில் எழுதப்பட்ட ஆவணம் இன்ன நாளில் இருந்ததென்று நிறுவுவது எப்படி என ஆராய்ந்தனர். காகிதத்தில் மை மங்கும். கணிப்பொறி ஆவணமோ திருத்தியதற்குத் தடயமே காட்டாது. ஒவ்வோர் ஆவணத்தின் முத்திரையையும் முந்தியதோடு பிணைத்துச் சங்கிலியாக்குவதே அவர்கள் சொன்ன வழி. பிறகு அவர்கள் தொடங்கிய நிறுவனம் 1995 முதல் ஓர் எளிய காரியம் செய்தது. வாரந்தோறும் அந்தச் சங்கிலியின் அவ்வாரத்து முத்திரையை ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழில், காணாமற் போன பொருள்கள் பற்றிய சிறு விளம்பரங்களுக்கு நடுவே அச்சிட்டு வந்தது. பழைய முத்திரையை மாற்ற விரும்பும் மோசக்காரன் ஊரூராய்ப் போய் நூலகங்களில் உள்ள நாளிதழ்களை எல்லாம் மாற்ற வேண்டுமே!

2008 அக்டோபர் 31 அன்று சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் ஒருவர், அல்லது ஒரு குழுவினர், ‘பிட்காயின்’ என்னும் மின்பணத்தைப் பற்றி ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். அதன் கடைசியில் முன்னோர் நூல்கள் எட்டுக்கு நன்றி கூறப்பட்டிருக்கிறது. எட்டில் மூன்று ஹேபரும் ஸ்டார்னெட்டாவும் தொடர்புடைய கட்டுரைகள், ஒன்று மெர்க்கிளுடையது. 2009 ஜனவரி 3 அன்று அந்த ஏட்டின் முதற்பக்கம் எழுதப்பட்டது. சில நாளில் நிரலும் எவரும் படிக்கத் திறந்து வைக்கப்பட்டது. 2013இன் இறுதியில் விட்டாலிக் புட்டரின் என்ற 19 வயது இளைஞர், பணக்கணக்கு மட்டுமல்லாமல் ஒப்பந்தங்களையே நிரலாக எழுதி அந்த ஏட்டில் பதிக்கலாம் என்று ‘எத்தீரியம்’ திட்டத்தை எழுதினார். 2015 ஜூலை 30 அன்று அது நடைமுறைக்கு வந்தது. அதற்கென்று அமைந்த ‘சாலிடிட்டி’ மொழியைத்தான் நண்பர் காட்டிய விளம்பரத் தாள் பெரிய எழுத்தில் போட்டிருந்தது.

பொருள் திறந்திருந்தால் மட்டும் போதுமா? ஆராய்ச்சிக் கட்டுரையைப் படித்துப் புரிந்துகொள்ளும் ஆற்றல் புதிதாகக் கற்பவர்க்கு ஏது? கற்பிப்பவரும் வேண்டும். இவ்விடத்தில் நம் நாட்டின் பங்கையும், அதிலே நம்மவர் ஒருவரின் பங்கையும் நினைத்துப் பார்ப்பது தகும்.

1963 ஆகஸ்டில் கான்பூர் ஐ.ஐ.டி.யில் ‘ஐ.பி.எம். 1620’ என்ற கணிப்பொறி வந்திறங்கிற்று. அங்கே அதனைக் கற்பிக்கும் பணியை ஏற்றவர்களுள் ஒருவர் வி. இராஜாராமன். ஈரோட்டில் 1933இல் பிறந்தவர். ஆனால் வளர்ந்ததும் படித்ததும் தலைநகரில். புது தில்லியில் அன்று மதராஸி கல்விச் சங்கப் பள்ளி என்று வழங்கிய, இன்று தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் பள்ளியில் 1949இல் தேறியவர். வெளி மாநிலத்துத் தமிழர் தம் பிள்ளைகளுக்கென்று எழுப்பிய பள்ளிக்கூடத்திலிருந்து வந்த ஒருவர்தாம், 1965இல் இந்நாட்டின் முதல் கணிப்பொறி இயல் பாடத்திட்டத்தைக் கான்பூரில் தொடங்கி வைத்தார். அங்கே நடந்த குறுகிய காலப் பயிற்சிகளுக்கு நாட்டின் பல பாகங்களிலிருந்தும் ஆசிரியர்களும் விஞ்ஞானிகளும் வந்து கற்றுச் சென்றனர். நல்ல பாடநூல்கள் வெளிநாட்டு விலையில் மட்டுமே கிடைத்த காலத்தில், 1969 முதல் அவர் எழுதிய நூல்கள் மாணவர் வாங்கக்கூடிய விலையில் வந்தன. இணையம் பிறவாத காலத்தில் இலவசக் கல்விக்கு மிக அருகில் இருந்தது அதுதான்.

அமெரிக்காவில் எம்.ஐ.டி. நிறுவனம் இணையத்தின் வழியே கல்வியை விற்றுப் பொருளீட்டலாமா என்று ஆராய ஒரு குழுவை அமைத்தது. குழுவினரோ, விற்பதை விட்டுவிடுங்கள், நம் பாடங்களை எல்லாம் விலையின்றிக் கொடுத்துவிடுவோம் என்று பரிந்துரை செய்தனர். தலைவர் சார்லஸ் வெஸ்ட் அதை ஏற்று 2001 ஏப்ரலில் அறிவித்தார். 2003இல் 500 பாடங்கள் திறந்து வைக்கப்பட்டன. 2018இல் கேரி கென்ஸ்லர் பிளாக்செயினும் பணமும் பற்றி அங்கே நடத்திய வகுப்புகளை இன்றும் எவரும் கேட்கலாம். அவர் 2021இல் அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவரானார். பிரின்ஸ்டன் பல்கலைக் கழகத்தில் சென்னை ஐ.ஐ.டி.யின் பழைய மாணவர் அரவிந்த் நாராயணன் முதலியோர் பிட்காயின் பற்றி 2015இல் நடத்திய இணையப் பாடம் வேறு. அப்பாடம் 2016இல் நூலாக வந்தபோதும், அச்சுக்கு முந்திய வடிவத்தை இலவசமாக விட்டு வைத்தார்கள். எத்தீரியத்தைப் பற்றி ஆண்ட்ரியாஸ் அன்டனோபுலோஸும் கேவின் வுட்டும் எழுதி 2018இல் வெளிவந்த பெருநூலும் அவ்வாறே எவரும் படிக்கும்படி இருக்கிறது.

நம் நாட்டிலே 2003இல் ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் சேர்ந்து ‘என்.பி.டி.இ.எல்.’ என்ற திட்டத்தைத் தொடங்கின. சென்னை ஐ.ஐ.டி.யின் இயக்குநராக இருந்த எம்.எஸ். அனந்த் இதன் முன்னணியில் நின்றவர். பேராசிரியர்களின் விரிவுரைகளைப் படம் பிடித்து, முதலில் ‘ஏகலைவ்யா’ என்ற தொலைக்காட்சி அலைவரிசையில் ஒளிபரப்பினார்கள். பின்னர் இணையத்தில் ஏற்றினார்கள். குரு முகம் பாராமல் கற்றவனின் பெயர் அந்த அலைவரிசைக்குப் பொருத்தம்தான். அவன் கட்டைவிரலைக் காணிக்கையாகக் கேட்ட குருவின் கதையையும் அப்பெயர் நினைவூட்டுகிறதே என்று நமக்கு அந்நாளில் ஒரு சிறு குறை உண்டு. 2014 முதல் பதிவு செய்துகொண்டு வாரந்தோறும் படித்து, இறுதியில் தேர்வெழுதிச் சான்றிதழ் பெறவும் ஏற்பாடாயிற்று. படிப்புக்குக் கட்டணமில்லை, தேர்வெழுத விரும்புகிறவர் மட்டும் சிறு தொகை கட்டி, தேர்வு மையம் உள்ள ஊருக்கு நேரில் செல்லவேண்டும். பல மாநிலங்களின் நகரங்களில் மையங்கள் உண்டு. சென்னைக் கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த் பைத்தான் மொழியில் நிரலெழுதும் முறையைக் கற்பிக்கும் பாடமும், கரக்பூர், கான்பூர் பேராசிரியர்களின் பிளாக்செயின் பாடங்களும் இதில் அடக்கம். சில பாடங்களின் எழுத்து வடிவம் தமிழிலும் இருக்கிறது. ஆங்கில உச்சரிப்பு வேகமாக ஓடும்போது தடுமாறுகிறவர்க்கு அது பெருந்துணை.

இவ்வளவும் சொன்ன பிறகு மறுபக்கத்தைச் சொல்லாமல் விட்டால் அது விளம்பரத் தாள் எழுதியவரின் வேலையாகிவிடும். 2011இல் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர்கள் செயற்கை நுண்ணறிவு பற்றி இணையத்தில் இலவசப் பாடம் நடத்தியபோது ஏறத்தாழ 1,60,000 பேர் பதிந்தனர். கடைசி வரை முடித்தவர் இருபதாயிரத்துக்குச் சற்று மேல். எஞ்சியோர் எல்லாரும் சோம்பேறிகள் அல்லர். அலுவல், குடும்பம், சந்தேகம் கேட்க ஆளில்லாத தனிமை, இவையே பலரை நிறுத்தியிருக்கும். கட்டணம் வாங்கும் இடத்தில் மேற்பார்வை செய்ய ஒருவர் இருப்பார், உடன் படிப்பவர் நாலு பேர் இருப்பார்கள். அவற்றுக்குக் கொடுக்கும் விலை வீண் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பாடத்துக்கென்று விலை கேட்டால், பாடம் முன்னமே உங்களுடையது என்று தெரிந்திருக்க வேண்டும் அன்றோ?

இன்னொன்று. ஆறு மாதத்தில் சாலிடிட்டி மொழி ஒன்றையே கற்று முடிக்கும் அவசரத்துக்கு எதிராக ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். 2016இல் ‘டி.ஏ.ஓ.’ என்ற பொது முதலீட்டு நிதி ஒன்று எத்தீரியம் ஏட்டில் நிரலாக எழுதப்பட்டு, பல்லாயிரம் பேரின் பணத்தைத் திரட்டிக்கொண்டது. அந்த நிரலில் ஒரு சிறு பிழை. பணம் கேட்டு வந்தவருக்கு முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, அதன் பிறகே அவர் கணக்கில் கழித்துக்கொள்ளும்படி வரிசை அமைந்திருந்தது. கல்லாவில் இருக்கும் எந்தக் கணக்குப்பிள்ளையும் செய்யமாட்டாத காரியம்! ஜூன் 17 அன்று ஒருவன், பணத்தை வாங்கிய கணத்திலேயே, கணக்கில் கழிப்பதற்குள், மறுபடியும் கேட்குமாறு தன் நிரலை எழுதி வைத்தான். ஏட்டில் அவன் இருப்பு குறையாமலே இருந்தது. நிரல் திரும்பத் திரும்பக் கொடுத்துக்கொண்டே இருந்தது. 36 இலட்சம் ஈத்தர் நாணயங்கள் போயின. திறந்த ஏடு என்பதால் திருடனும் அதைப் படித்திருந்தான். திருத்தவே முடியாது என்று பெருமை பேசப்பட்ட ஏட்டை, அவ்வாண்டு ஜூலையில் பெரும்பாலோர் கூடி ஒருமுறை பிரித்து எழுத வேண்டியதாயிற்று. ஒப்பாதவர்கள் பழைய ஏட்டையே தொடர்ந்தார்கள். இந்தப் பிழை மொழி தெரியாததால் நேர்ந்தது அன்று. எது முன், எது பின் என்று சிந்திக்கும் அடிப்படை பிறழ்ந்ததால் நேர்ந்தது. அந்த அடிப்படைதான் கணிப்பொறி இயல்.

மின்பணத்தை வாங்கி விற்கும் சூதாட்டம் வேறு, இக்கலையைக் கற்பது வேறு. நம் நாட்டில் 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி விதித்த தடையை 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் நீக்கியதும், 2022 முதல் இத்தகைய இலாபத்துக்கு 30 விழுக்காடு வரி விதிக்கப்பட்டதும் பத்திரிகை படிப்பவர் அறிந்தவை. பணம் பெருகும் என்று ஆசை காட்டிப் பாடம் விற்கிறவர் எவராயினும் அவரிடம் விலகியிருப்பது நலம்.

வாரம் முடிந்ததும் நண்பருக்குச் சொன்னோம்: வரலாறு நடந்த வரிசையிலேயே படிக்கச் சொல்லுங்கள். முதலில் நிரலெழுதும் முறையும் தரவுகளை அடுக்கும் முறையும், பிறகு முத்திரையும் கையொப்பமும், பிறகு அந்த ஒன்பது பக்கக் கட்டுரை, சாலிடிட்டி கடைசியில். பன்னிரண்டு மாதமாகும், கட்டணத்தை அதுவரை வைப்புநிதியிலேயே விட்டு வையுங்கள். அரைகுறை மனத்தோடுதான் அவர் ஒப்பினார். மகளோ அன்று மாலையே தொடங்கிவிட்டாள்.

அண்மையில் மீண்டும் அவ்வீட்டுக்குப் போனோம். மேசைமேல் மெர்க்கிள் 1974இல் எழுதிய திட்டத்தின் படி கிடந்தது. அவர் அதைத் தாமே இணையத்தில் வெளியிட்டிருக்கிறார், ஆசிரியரின் ஓரக்குறிப்போடு. பைத்தானில் நாற்பது வரிக்குள் ஒரு சங்கிலி எழுதியிருப்பதாக மகள் சொன்னாள். சோதனைக்கு வேறு ஏடு கிடைக்காததால் தந்தை பல்லாண்டாக எழுதிவரும் வீட்டுக் கணக்கையே மாதம் ஒரு பக்கமாக அதில் ஏற்றியிருந்தாள். நண்பர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, நாலாண்டுக்கு முந்திய ஒரு மாதத்தைத் தேடி, பால்காரருக்குக் கொடுத்த தொகையில் ஒரு ரூபாயைக் குறைத்தார். திரையில் அந்த மாதத்துக்குக் கீழே இருந்த வரிகள் அத்தனையும் சிவந்தன.

“அப்பா, மாட்டிக்கொண்டீர்கள்” என்றாள் மகள்.

நண்பர் சற்று நேரம் திரையைப் பார்த்திருந்தார். “அந்த மாதம் நான் கொடுத்தது உண்மையாகவே ஒரு ரூபாய் குறைவுதான்” என்றார். “எழுதும்போதே தப்பாக எழுதிவிட்டேன்.”

அதற்கு இந்தச் சங்கிலி ஒன்றும் செய்யாது என்று அவள் விளக்கத் தொடங்கினாள். நாம் காபிக் குவளையோடு நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டோம்.